43 மீட்டரில் தெரிவது: அரக்கோணத்து டியூ-142 மாதிரி விமானம், ஒரு நிகழ்வு ஆய்வு

வேலை இதுதான்: இந்தியக் கடற்படையில் இருந்த டியூ-142 ரோந்து விமானத்தை 1/144 அளவில் செய்ய வேண்டும். அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் தரையில் நிற்கும் கோலம். கேட்டவர் அந்தத் தளத்தின் பராமரிப்புப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "பொம்மை மாதிரி இருக்கக் கூடாது தம்பி. நாங்க பார்த்த விமானம் மாதிரி இருக்கணும்."

மாதிரி விமானம் செய்கிற எங்களில் பலர், நிஜம் போல என்றால் விவரங்களைக் கூட்டுவது என்றே எடுத்துக்கொள்வோம். இன்னும் கொஞ்சம் ரிவெட், இன்னும் ஆழமான கோடு, இன்னும் தடிப்பாக அழுக்கு. இந்த வேலையில் பாதி நேரம் போனது எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று முடிவெடுப்பதில்தான். ஏன், எப்படி என்று எழுதி வைத்தால் இதே அளவில் பெரிய விமானம் செய்ய உட்காருபவர்களுக்கு உதவும்.

விமானம்

அரக்கோணம் பக்கத்துக்காரர்களுக்கு டியூ-142ஐ அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். சோவியத் யூனியனின் துப்போலேவ் நிறுவனம் தன் டியூ-95 குண்டுவீச்சு விமானத்திலிருந்து நீர்மூழ்கி வேட்டைக்காக உருவாக்கியது இது. நீளம் 53 மீட்டர், இறக்கை விரிப்பு 50 மீட்டர். நான்கு குஸ்நெத்சோவ் என்.கே-12 டர்போபிராப் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15,000 குதிரைத்திறன். ஒவ்வொரு எஞ்சினும் முன்பின்னாக இரண்டு புரொப்பெல்லர்களை எதிரெதிர்த் திசையில் சுழற்றும். இறக்கையோ ஜெட் விமானம் போல 35 பாகை பின்சாய்ந்தது. புரொப்பெல்லர் விமானத்துக்கு இது விசித்திரமான சேர்க்கை. அந்த விசித்திரம்தான் இதன் அடையாளமும்.

இந்தியா வாங்கியது எட்டு விமானங்கள். 1988இல் கோவாவில் பணியில் சேர்ந்தன. 1992 மார்ச்சில் ராஜாளி தளம் திறக்கப்பட்டபின், 4 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஓடுபாதை கொண்ட அந்தத் தளமே ஐ.என்.ஏ.எஸ். 312 படைப்பிரிவின் வீடாயிற்று. 2017 மார்ச் 29 அன்று அங்கேயே விடை கொடுத்தார்கள். ஒன்று விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில், குர்சுரா நீர்மூழ்கிக்கு எதிரே, அருங்காட்சியகமாக நிற்கிறது. மாதிரி செய்பவனுக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை இல்லை. நிஜ விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கலாம், உள்ளேயும் போகலாம்.

தூரக் கணக்கு

1/144 அளவில் இந்த விமானம் 37 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம். அதைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது கண்ணுக்கும் அதற்கும் இடையே 30 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 144ஆல் பெருக்கினால் 43 மீட்டர். 43 மீட்டர் தள்ளி நிற்கும் நிஜ விமானமும் 30 செ.மீ. தள்ளி இருக்கும் மாதிரியும் கண்ணுக்கு ஒரே அளவு. ஆகவே கேள்வி சுருங்கிவிடுகிறது: 43 மீட்டரில் நின்றால் டியூ-142இல் என்ன தெரியும்?

நல்ல பார்வை உள்ள ஒருவர் அந்தத் தூரத்தில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 1.2 செ.மீ. ரிவெட் தலைகள் அதற்குள் அடங்கிவிடும். தகடும் தகடும் சேரும் கோடு, வெளிச்சம் சாய்வாக விழுந்தால் மட்டும் ஒரு நிழல் போலத் தெரியும். மாறாக, புரொப்பெல்லர் பிளேடின் விளிம்பு, சக்கரக் கால்களின் மெலிவு, ரேடார் கூண்டின் நிற வேறுபாடு, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி இவையெல்லாம் பளிச்சென்று தெரியும்.

விசாகப்பட்டினத்தில் இதைச் சரிபார்த்தேன். கிட்டப் போய்ப் படமெடுப்பதற்கு முன்னால், வேண்டுமென்றே தள்ளி நின்று கண்ணில் படுவதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. கிட்டப் போய் எடுத்த படங்களோ போனை நிறைத்துவிட்டன. முடிவில் மாதிரியை நடத்தியது அந்த ஒரு பக்கம்தான். படங்கள், பட்டியலில் உள்ளவை எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும் பயன்பட்டன.

பேனல் கோடுகள்

முதல் பலி இவைதான். பெட்டியில் வரும் பிளாஸ்டிக்கில் பேனல் கோடு, அதாவது தகடுகள் சேரும் கோடு, 0.2 மி.மீ. அகலம் என்றால், நிஜத்தில் அது 2.9 செ.மீ. அதாவது விரல் நுழையும் பிளவு. எந்த விமானமும் அப்படிப் பிளந்துகொண்டு பறக்காது. அதில் கறுப்பு வாஷ் (தண்ணீராகக் கரைத்த பெயின்ட்) வேறு ஓடவிட்டால், விமானத்தின் முதுகு டைல்ஸ் பதித்த தரை போல ஆகிவிடும். போட்டிகளில் இதற்குக் கைதட்டல் கிடைக்கிறது என்பது வேறு விஷயம். எனக்கு இந்தப் பாணியில் உடன்பாடில்லை.

கோடுகளை முழுக்க அடைக்கவும் இல்லை. கெட்டியான பிரைமரை ஏர்பிரஷில் அடித்து, 1000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மறுபடி அடித்தால் கோடு பாதி நிரம்பி, ஆழம் போய், ஒரு மெல்லிய பள்ளம் மட்டும் மிஞ்சும். பெயின்ட் ஏறியபின் அதுவும் சாய்ந்த வெளிச்சத்தில் மட்டுமே தெரியும். நிஜத்திலும் சில செ.மீ. இடைவெளி உள்ள இடங்கள் இறக்கையிலும் வாலிலும் அசையும் பாகங்களான ஏலரான், ஃபிளாப், எலிவேட்டர், ரடர் ஆகியவற்றின் விளிம்புகள். அங்கே மட்டும் கோட்டை ஆழப்படுத்தி, கறுப்பில்லாத அடர் சாம்பல் வாஷ் கொடுத்தேன். கண் தானாக அங்கே போய் நிற்கிறது. பெரிய விமானத்தின் பெரிய பாகங்கள் என்ற உணர்வு அதில் வந்துவிடுகிறது.

32 பிளேடுகள்

நோட்டில் முதல் வரியே இதுதான். எட்டு புரொப்பெல்லர், ஒவ்வொன்றிலும் நான்கு பிளேடு. நிஜத்தில் விட்டம் 5.6 மீட்டர், மாதிரியில் 39 மி.மீ. யார் பார்த்தாலும் கண் முதலில் போவது இங்கேதான். அதனால் மொத்த வேலையில் அதிக நேரம் தின்றதும் இதுதான்.

பிளாஸ்டிக் வார்ப்பில் பிளேடைக் குறிப்பிட்ட அளவுக்குமேல் மெலிதாக வார்க்க முடியாது. அரை மி.மீ. தடிமன் என்றாலே நிஜத்தில் 7 செ.மீ. அகலமான விளிம்பு. எனவே ஒவ்வொரு பிளேடையும் ஒரு தட்டையான மரக்கட்டையில் சாய்த்து வைத்து, பின்பக்கத்தை மட்டும் 600, பிறகு 1000 நம்பர் தாளில் விளிம்பை நோக்கித் தேய்க்க வேண்டும். முன்பக்க வளைவைத் தொடக்கூடாது. தொட்டால் முறுக்கு அழிந்துவிடும். வேருக்குப் பக்கத்தில் தடிமனை விட்டுவைக்க வேண்டும், நுனிக்குப் போகப்போக மெலிய வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விளிம்பு லேசாக ஒளி ஊடுருவுகிற அளவுக்கு வந்தால் போதும், நிறுத்திவிடலாம்.

அப்புறம் முறுக்கின் திசை. முன் தொகுதியும் பின் தொகுதியும் எதிரெதிராகச் சுழல்வதால், இரண்டின் பிளேடுகளும் கண்ணாடிப் பிம்பம் போல எதிர்த் திசையில் முறுக்கப்பட்டிருக்கும். வார்ப்புச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்த பிறகு இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் வெட்டும் முன்பே முன்னதற்கு ஒரு நிற மார்க்கர் புள்ளி, பின்னதற்கு வேறொன்று என்று அடியில் வைத்துவிட வேண்டும். இதை மாற்றிப் பொருத்திய மாதிரிகள் இணையத்தில் ஏராளம். விமானப்படையிலோ கடற்படையிலோ எஞ்சின் வேலை பார்த்தவர் கண்ணில் அது உடனே உறுத்தும்.

நிற்கும் கோலம்

இவ்வளவு பெரிய புரொப்பெல்லர் தரையைத் தொடாமல் சுற்ற வேண்டும் என்பதால் விமானம் உயரமான கால்களில் நிற்கும். உட்பக்க எஞ்சின் கூடுகள் இறக்கையின் பின்விளிம்பைத் தாண்டி நீண்டு, நான்கு சக்கரங்கள் கொண்ட தொகுதிகளைத் தமக்குள் மடித்துக்கொள்ளும். இறக்கை வேரிலிருந்து நுனிக்குப் போகப்போகச் சற்றே கீழ்நோக்கிச் சரியும். அந்தச் சரிவு தப்பினால் மற்ற எதுவும் காப்பாற்றாது. நுனியில் 5 மி.மீ. பிசகினால் நிஜக் கணக்கில் 72 செ.மீ.

பிளாஸ்டிக் இறக்கையைப் பசையை மட்டும் நம்பி ஒட்டினால், நாளாக ஆக அது தன் இஷ்டத்துக்குத் தொங்கும். சென்னை வெயிலில் அலமாரிக்குள் இருந்தாலும் தொங்கும். உடற்பகுதியைக் குறுக்கே துளைத்து, சரிவுக்கு ஏற்ப நடுவில் வளைத்த பித்தளைக் குழாய் ஒன்றை இரண்டு இறக்கைக்குள்ளும் செலுத்தினேன். சரிவை அட்டையில் வெட்டிய இரண்டு தாங்கிகள் பிடித்துக்கொண்டன. பசை காய்கிற வரை விமானம் தாங்கிகளின் மேலேயே இருந்தது.

மூக்குச் சக்கரம் தரையில் பதிய முன்பக்கம் எடை வேண்டும். எவ்வளவு என்று ஊகிக்கத் தேவையில்லை. ஒட்டும் முன் எல்லாப் பாகங்களையும் மாஸ்கிங் டேப்பால் கட்டி, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் பென்சிலைக் கொடுத்துத் தூக்கினால் தெரிந்துவிடும். விமானி அறைக்குப் பின்னால் தூண்டில் ஈயக்குண்டுகளை எபாக்ஸியில் பதித்தேன். அந்த எடையை மெல்லிய பிளாஸ்டிக் கால்கள் தாங்காது என்பதால், கால்களுக்குள் தையல் ஊசியின் துண்டு.

வேறு ரகத்தை இந்த ரகமாக்குவது

இந்த அளவில் எளிதாகக் கிடைக்கும் ட்ரம்பெட்டர் நிறுவனத்தின் கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) டியூ-142எம்.ஆர். ரகத்துக்கானது. அது நீர்மூழ்கி வேட்டைக்கானதல்ல. கடலுக்கடியில் இருக்கும் தன் நாட்டு நீர்மூழ்கிகளுக்கு வானொலிச் செய்தி அனுப்ப, மைல்கணக்கில் கம்பி ஆன்டெனாவைப் பின்னால் இழுத்துக்கொண்டு பறக்கும் ரகம். வேலை வேறு என்பதால் உடம்பும் வேறு. வயிற்றில் கம்பிச் சுருளுக்கான புடைப்பு, வால் உச்சியில் முன்னோக்கிய ஒரு கூடு.

இந்தியா வைத்திருந்ததோ வேட்டைக்கார ரகம். வயிற்றில் பெரிய தேடல் ரேடாரின் கூண்டு. வால் உச்சியில் பின்னோக்கி நீளும் கம்பம். நீர்மூழ்கியின் இரும்பு உடல் பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படுத்தும் சலனத்தை மோப்பம் பிடிக்கும் கருவி அதற்குள் இருக்கும். வால் முனையில் இரட்டை 23 மி.மீ. துப்பாக்கி. இவை மூன்றும் 43 மீட்டரில் தெளிவாகத் தெரிபவை. அதனால் விட முடியாது.

கம்பிச் சுருள் புடைப்பை அறுத்து, உள்ளே பிளாஸ்டிக் தகடு கொடுத்து, புட்டியால் மட்டமாக்கியாயிற்று. ரேடார் கூண்டுக்கு அளவு வேண்டுமே? கடற்கரையில் முடிந்தவரை பின்வாங்கி, ஜூம் போட்டு எடுத்த முழு பக்கவாட்டுப் படம் கைகொடுத்தது. தொலைவிலிருந்து எடுத்தால் கோணப் பிறழ்வு குறையும். மொத்த நீளம் 53 மீட்டர் என்பது தெரிந்ததால், படத்தில் கூண்டின் நீளம் அதில் எத்தனை பங்கு என்று ஸ்கேல் வைத்து எடுத்துவிடலாம். அந்த அளவுக்கு பால்சா மரத்தில் அச்சு செதுக்கி, சூடாக்கிய மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் அழுத்தி இழுத்தேன். வால் கம்பம் ஊசிமருந்துக் குழாய் அளவுள்ள பித்தளைக் குழாயும், மேலே புட்டியில் உருட்டிய கூம்பும். துப்பாக்கிக் குழல்களுக்கு மெல்லிய எஃகுக் கம்பி.

விமானி அறையின் உட்புறத்தை நான் செய்யவில்லை. அடர் சாம்பல் அடித்து மூடிவிட்டேன். 43 மீட்டரில் கண்ணாடி வெறும் கறுப்பாகத்தான் தெரிகிறது.

சாம்பல் நிறம்

ஒரே இளஞ்சாம்பல். கேட்க எளிது. ஆனால் நிஜ விமானத்துக்கு அடித்த அதே நிறத்தை மாதிரிக்கு அடித்தால் கனத்துப் போய் அடர்த்தியாகத் தெரியும். தூரத்துக் காற்று நிறத்தை வெளிற வைக்கிறது, அதனால் மாதிரியில் வெள்ளை கலக்க வேண்டும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். 43 மீட்டர் காற்று எதை வெளிற வைக்கப் போகிறது? காரணம் வெளிச்சம். விமானத்தை நாம் பார்த்தது வெட்டவெளி வெயிலில், மாதிரியைப் பார்ப்பது டியூப் லைட்டில். வெள்ளை கலப்பது சரியான வழிதான். எவ்வளவு என்பதை அது வைக்கப்போகும் அறையின் வெளிச்சத்தில் முடிவு செய்ய வேண்டும். நான் ஒரு பழைய இறக்கையில் வரிசையாகச் சாயல்களை அடித்து, மாதிரியைக் கேட்ட சாரின் வீட்டு ஷோகேஸுக்குள் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

இன்னொன்று, லாக்கர் பெயின்ட் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கை வைக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்படலமாகிவிடும். வேறு வழியில்லை என்றால் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கலந்து, கம்பிரஸரில் ஈரப்பொறி வைத்து, ஏசி அறையில் அடிக்கலாம்.

அழுக்கு

வேலை தொடங்கும் முன்பே இணையத்தில் பரிசு வாங்கிய சில டியூ-142 மாதிரிகளின் படங்களை சாரிடம் காட்டியிருந்தேன். துருவும் எண்ணெயும் கறையுமாக வடிந்துகொண்டிருந்தன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது விமானமா, காயலான் கடையா? இப்படி வெச்சிருந்தா எங்களை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"கடல் மேலேயே சுத்துற விமானமாச்சே சார், உப்பு படியாதா?"

"படியும். அதனாலதான் தம்பி கழுவுறது. நல்ல தண்ணியில கழுவாம விட்டா உப்பு தகட்டை அரிச்சிடும்."

"கழுவினாலும் போகாதது?"

"எஞ்சின் பின்னாடி கரி. அது என்ன தேய்ச்சாலும் அடையாளம் இருக்கும். அப்புறம் அங்கங்க டச்-அப் பண்ணின பெயின்ட். புதுசு ஒரு கலர், பழசு ஒரு கலர்."

மொத்த வெதரிங் (வெயில், மழை, உழைப்பின் தடயங்களைக் காட்டும்) திட்டமும் இந்த உரையாடலிலேயே முடிந்துவிட்டது. கடல் ரோந்து விமானம் அழுக்கானதல்ல, அடிக்கடி கழுவப்படுவது. வெளிறும், ஒட்டுப்போட்ட மாதிரி ஆகும், கரி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அருங்காட்சியக விமானத்தில் இதைக் கற்க முடியாது. ஓடாத எஞ்சினுக்குப் பின்னால் கரி ஏது? வடிவத்துக்கு அது ஆசான். நிறத்துக்கும் கரிக்கும் பணியில் இருந்த காலத்துப் படங்கள்தான்.

செய்தது இவ்வளவே. அடிப்படைச் சாம்பலில் ஒரு துளி வெள்ளை, ஒரு துளி பழுப்பு, ஒரு துளி நீலம் தனித்தனியாகக் கலந்து, மாஸ்கிங் டேப்பில் சின்னச் சின்னச் சதுரங்கள் வெட்டி, பேனல் விளிம்புகளை ஒட்டி அங்கங்கே தெளித்தேன். வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும். அந்த அளவில் நிறுத்த வேண்டும். கரிக்கு ஓவியர்கள் பயன்படுத்தும் கரிக்கோலைத் தாளில் தேய்த்துப் பொடியாக்கி, கொஞ்சம் பழுப்பு பாஸ்டல் சேர்த்து, மென்மையான தூரிகையால் புகைவாயிலிருந்து காற்றோட்டத்தின் போக்கில் பின்னோக்கி இழுத்தேன். வாயருகே அடர்த்தி, பின்னே போகப்போக மறைவு. நான்கு எஞ்சினுக்கும் ஒரே அளவு கரி வைத்தால் அச்சடித்த மாதிரி ஆகிவிடும். ஒன்றைக் கொஞ்சம் சுத்தமாக விட்டேன். அண்மையில் மாற்றிய எஞ்சின் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே வார்னிஷ் அடித்ததும் பொடியின் அடர்த்தி குறையும் என்பதால் முன்கூட்டியே ஒரு பிடி கூட்டிப் போட வேண்டும். முழு மேட் வேண்டாம். கழுவித் துடைத்த விமானத்துக்கு லேசான பளபளப்பு உண்டு.

மூவண்ண வட்டக் குறிகளை வீட்டு லேசர் பிரின்டரில் எடுத்தேன். அந்த பிரின்டருக்கு வெள்ளை அச்சிடத் தெரியாது. ஆகவே வெள்ளை நிற டீகால் தாளில் (நனைத்து ஒட்டும் படத்தாள்) அச்சிட்டு, காவி விளிம்பை ஒட்டி வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டிய ஓரத்தில் மெல்லிய வெள்ளை தெரியும். அதைக் காவி பெயின்டால் தொட்டுவிட்டால் சரி.

ஒப்படைத்தபோது

சார் முதலில் பார்த்தது புரொப்பெல்லரை. பிறகு குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, சக்கரங்களின் வழியாக மறுபக்கம் பார்த்தார். தரைப்பணியாளர்கள் பார்க்கும் கோணம் அதுதான் போல. விமானி அறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை. வலப்பக்கக் கடைசி எஞ்சினைக் காட்டி, "இது மட்டும் புதுசா இருக்கே, மாத்தினாங்களா?" என்றார்.

அடுத்து பி-8ஐ (P-8I) வேண்டுமாம். 2013இல் ராஜாளிக்கு வந்து, பிறகு டியூ-142இன் இடத்தைப் பிடித்த போயிங் விமானம். அதிலும் இதே ரகச் சிக்கல் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ ரகத்தில் வாலில் காந்தமானிக் கம்பம் கிடையாது, இந்தியா கேட்டு வாங்கிக்கொண்டது. பின்பக்கம் பார்க்கும் கூடுதல் ரேடாரும் இந்திய ரகத்தில் இருக்கிறது. அமெரிக்க ரகத்துக்கான கிட்டை வாங்கினால் பித்தளைக் குழாயையும் பால்சா கட்டையையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான். 32 பிளேடு தேய்க்கும் வேலை மட்டும் இருக்காது.